ஊர்வாயும் பச்சைக் கூடையும்

"எனக்கு வராத குரல்னு இந்த உலகத்துல ஒண்ணு கிடையாது. செத்தவன் எழுந்து வந்து எனக்கு ஒரு மனு வேணும்னு கேட்டாலும், அவன் குரல்லயே எழுதி, கையெழுத்தும் வாங்கி, சீல் வைச்சுக் கொடுப்பேன்."

இந்தப் பிரகடனம் நகரக் கொள்கை மையத்தின் மூன்றாம் மாடிக் கூட்ட அறையில், பயிற்சிக்கு வந்திருந்த பதினான்கு பேர் முன்னிலையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு வெளியிடப்பட்டது. ஒன்பது பேர் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். நான்கு பேர் பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிச்சமிருந்த பெண் கையைத் தூக்கி, "சார், செத்தவங்களுக்கு எதுக்கு மனு?" என்று கேட்டாள்.

"இறப்புச் சான்றிதழ்ல பேரைத் தப்பா போட்டிருப்பாங்கம்மா" என்றார் அவர், கண் இமைக்காமல்.

அதற்குப் பிறகு அந்தப் பெண்ணும் குறிப்பெடுக்க ஆரம்பித்தாள்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அடையாள அட்டைக்கு வெளியே அது புழக்கத்தில் இல்லை. பதவியின் பெயர் 'மக்கள் தொடர்பு மற்றும் படைப்பாக்க முதுநிலை ஒருங்கிணைப்பாளர்'. தொலைபேசியில் அதைச் சொல்லி முடிப்பதற்குள் எதிர்முனையில் இருப்பவர் வைத்துவிடுவதால், அலுவலகம் அவரை 'ஊர்வாய்' என்று சுருக்கிக்கொண்டது. ஊரில் யாருக்கெல்லாம் வாய் தேவைப்படுகிறதோ அவர்களுக்கெல்லாம் வாயாக இருப்பவர் என்று பொருள். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். கொடுத்தவர்கள் அப்படி நினைத்துக் கொடுத்தார்களா என்று விசாரிக்கவில்லை.

இந்த மையத்தில் என்னதான் வேலை நடக்கிறது என்று அவருடைய அக்காவுக்கு வெகுநாள் சந்தேகம். இருவரும் ஒரே வீட்டில் இருப்பவர்கள். அவர் கல்யாணம் செய்துகொள்ள மறந்துவிட்டார். அக்கா செய்துகொண்டு, அத்தானைப் பறிகொடுத்து, திரும்பி வந்துவிட்டாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தா அது நல்லதா கெட்டதான்னு ஆராய்வோம் அக்கா. நல்லதுன்னா மக்கள் அதை விரும்பணும்."

"நல்லதுன்னா அவங்களே விரும்ப மாட்டாங்களா?"

"விரும்புவாங்க. ஆனா எழுதிக் கொடுக்க மாட்டாங்க. அதை நான் எழுதறேன்."

"நீ விரும்புவியா?"

"அது என் டிபார்ட்மெண்ட் இல்ல அக்கா."

மேதைகளின் இளமைப் பருவத்தில் ஓர் அடையாளம் தெரிந்தே தீரும். ஊர்வாய்க்கு அது ஏழாம் வகுப்பில் தெரிந்தது. வகுப்பில் இருபத்துமூன்று பேருக்கு அவர் விடுப்புக் கடிதம் எழுதினார், இருபத்துமூன்று விதமான அப்பாக்களாக. கோபக்கார அப்பா, குடித்துவிட்டு வருந்தும் அப்பா, படிக்காததால் பக்கத்து வீட்டுக்காரரை விட்டு எழுதச் சொன்ன அப்பா. கடைசியில் ஒரு நிஜ அப்பா பள்ளிக்கு வரவழைக்கப்பட்டார். தலைமையாசிரியர் கடிதத்தை நீட்டினார். அவர் நிதானமாகப் படித்தார், இரண்டாவது தரமும் படித்தார், பிறகு, "நான் எழுதல சார். ஆனா நான் எழுதியிருந்தா இப்படித்தான் எழுதியிருப்பேன்" என்றார். ஊர்வாய்க்குப் பிரம்படி மூன்று விழுந்தது. அந்த வாக்கியத்துக்காக முப்பது வாங்கியிருக்கலாம் என்று பிற்காலத்தில் சொல்லிக்கொண்டார்.

மையத்தில் அவருடைய இருக்கை ஜன்னலோரம். ஜன்னலோர இருக்கை என்றதும் பொறாமைப்பட வேண்டியதில்லை. மூன்று வருடங்களுக்கு முன் காற்று மாசு பற்றி மையம் ஓர் இயக்கம் நடத்தியது. அதற்காக அவர் எழுதிய 'மூச்சு விடட்டும் நம் நகரம்' என்ற வாசகத்தை நாலு ஆள் உயரத்துக்கு அச்சடித்துக் கட்டடத்தின் வெளிச்சுவரில் கட்டினார்கள். அந்தப் பேனர் சரியாக அவருடைய ஜன்னலை மூடிக்கொண்டது. இயக்கம் முடிந்தது. பேனரை இறக்கப் பெரிய ஏணி வேண்டும், ஏணிக்குக் குழு ஒப்புதல் வேண்டும், குழுவோ அடுத்த இயக்கத்தில் மும்முரமாக இருந்தது. ஆகவே மூன்று வருடமாக அவர் தன் வாசகத்தின் முதுகைப் பார்த்தபடி, காற்று வராமல் உட்கார்ந்து எழுதினார். மத்தியானம் வெயில் அடிக்கும்போது எழுத்துகள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம்வலம் மாறி மேஜைமேல் விழும். அவர் அவற்றின் மேலேயே காகிதத்தை வைத்துக்கொள்வார்.

அவருடைய தொழில் ரகசியம் ஒன்றே ஒன்று. அதற்கு 'சாமான்' என்று பெயர். மக்கள் குரலில் எழுதும் எந்தக் கடிதத்திலும் ஒரு பொருள் இருக்க வேண்டும், அதற்கு ஒரு நிறம் இருக்க வேண்டும் என்பது விதி. மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் ஒரு பட்டியல் வைத்திருந்தார்: கைப்பிடி உடைந்த கருப்புக் குடை, மஞ்சள் மாத்திரை டப்பா, குழந்தையின் சிவப்புத் தண்ணீர்ப் புட்டி, ஒற்றைக் காதறுந்த துணிப்பை. ஒரு சாமானைப் பயன்படுத்தினால் மூன்று மாதத்துக்கு மறுபடி தொடக்கூடாது. பயன்படுத்திய தேதியைப் பக்கத்தில் குறித்து வைப்பார்.

ஆய்வுப் பிரிவில் இருந்தவர் இதை ஏற்பதில்லை. அவர் காலை வணக்கத்தைக்கூடப் புள்ளிவிவரத்தோடு சொல்லக்கூடியவர். அலுவலகம் அவருக்குச் 'சதவீதம்' என்று பெயர் வைத்திருந்தது.

"எழுபத்திரண்டு சதவீதம் பேர் ஆதரிக்கிறாங்கன்னு போட்டா போதாதாய்யா? எதுக்கு இந்தக் குடை, டப்பா எல்லாம்?"

"எழுபத்திரண்டைப் படிச்சு இதுவரைக்கும் யாராவது அழுதிருக்காங்களா சதவீதம்?"

"நான் ஒரு தடவை அழுதிருக்கேன். பரீட்சை ரிசல்ட்ல. அதுகூட எழுபத்திரண்டு இல்ல, இருபத்தேழு."

அந்த வருடம் மையம் கையில் எடுத்தது பேருந்து. நகரத்துப் பேருந்துகள் மெதுவாகப் போவதற்குக் காரணம், நிறுத்தங்கள் நெருக்கமாக இருப்பதுதான் என்று சதவீதம் கண்டுபிடித்திருந்தார். நானூறு மீட்டருக்குள் இருக்கும் நிறுத்தங்களை எடுத்துவிட்டால் ஒவ்வொரு பயணத்திலும் பதினோரு நிமிடம் மிச்சம். கணக்கு சரியான கணக்குதான். போக்குவரத்து ஆணையமும் வரைவுத் திட்டம் வெளியிட்டு, மக்கள் கருத்துக்கு முப்பது நாள் கொடுத்தது. மக்களைக் கருத்துள்ளவர்களாக்கும் பொறுப்பு ஊர்வாயிடம் வந்தது.

தன்னார்வலர்கள் வீடு வீடாகத் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். "பஸ் சீக்கிரம் போனா நல்லதுதானே?" என்று கேட்டார்கள். "ஆமா, நல்லதுதான், பால் பொங்குது, வைக்கிறேன்" என்றாள் ஓர் அம்மாள். பால் பொங்கியது உட்பட அந்த ஐந்து வார்த்தையிலிருந்து ஊர்வாய் ஒன்றரைப் பக்கம் எழுதினார். அம்மாள் படித்துப் பார்த்துச் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டாள். "எனக்குப் பேசவே தெரியலைன்னு சொல்வாரே, காட்டறேன் அவருக்கு" என்று கணவருக்காக ஒரு நகலும் கேட்டு வாங்கிக்கொண்டாள். இப்படி அறுபத்தொரு கடிதங்கள் எழுதினார். அறுபத்தொரு சாமான்கள். கூடவே ஒரு சுவரொட்டி. அதில் பேருந்திலிருந்து இறங்கி ஓடிவரும் ஓர் அப்பா, வாசலில் ஒரு குழந்தை, மேலே பெரிய எழுத்தில்: 'நிறுத்தங்கள் குறையட்டும், முத்தங்கள் கூடட்டும்!' கீழே, எறும்பு வரிசை போன்ற எழுத்தில், எடுக்கப்படவிருக்கும் பத்தொன்பது நிறுத்தங்களின் பட்டியல்.

அந்தப் பட்டியலை வரியில் அடங்கும்படி அவரேதான் கணினியில் நெருக்கியும் தளர்த்தியும் அழகுபடுத்தினார். பதினோராவது பெயர் கொஞ்சம் துருத்திக்கொண்டு நின்றதால் அதற்கு மட்டும் கால் மணி நேரம் செலவழித்தார். அதைப் படிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. எழுத்தைப் பார்ப்பவர்கள் எழுத்தைப் படிப்பதில்லை.

படித்தவள் அக்கா. அன்று மாலை வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நம்ம ஸ்டாப்பை எடுக்கப்போறாங்களாம்டா."

"எந்த ஸ்டாப்?"

"லைப்ரரி ஸ்டாப். அந்த ஸ்டாப்புலயே நோட்டீஸ் ஒட்டியிருக்கான். வெட்டப்போற ஆட்டுக்கிட்டயே கத்திக்கு சாணை பிடிக்கச் சொன்ன மாதிரி." இடது காலைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "மேல வேற, முத்தங்கள் கூடட்டும்னு எவனோ ஒரு மடையன் எழுதி வச்சிருக்கான். எனக்கு யாருடா முத்தம் கொடுக்கக் காத்துக்கிட்டிருக்கா? முழங்காலா?"

மடையன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அக்காவின் நிலைமை இதுதான். அவள் பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் துணி மடிப்பவள். காலை ஆறு மணிக்கு உள்ளே இருக்க வேண்டும். ஒரு மாதத்தில் மூன்று முறை தாமதமானால் நிரந்தர ஆள் பட்டியலிலிருந்து பெயர் எடுத்துவிடுவார்கள். வீட்டு வாசலிலிருந்து நூலக நிறுத்தம் அறுபது அடி. அடுத்தது தண்ணீர்த்தொட்டி நிறுத்தம், முந்நூற்றிருபது மீட்டர், முழுக்க மேடு, நடைபாதை பாதியில் உடைந்து கிடக்கும். இடது முழங்காலை மருத்துவர் இரண்டு முறை படம் எடுத்துப் பார்த்து, இரண்டு முறையும் உதட்டைப் பிதுக்கியிருந்தார்.

"நான் பைக்ல கொண்டுபோய் விடறேன் அக்கா."

"தினமும் நீ அஞ்சு மணிக்கு எழுந்திருப்பியாக்கும்? உன்னை எழுப்பி அனுப்பறதுக்குள்ள நான் தவழ்ந்தே போயிடுவேன். வேண்டாம்டா. அம்பத்தஞ்சு வயசுல ஒருத்தர் முதுகைப் பிடிச்சுக்கிட்டு வேலைக்குப் போக எனக்கு இஷ்டமில்ல. ஒரு ஆட்சேபணை எழுதிக் கொடு. ஊருக்கெல்லாம் எழுதறியே."

அவளே காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தாள்: 'என் முழங்கால் சரியில்லை. அடுத்த ஸ்டாப் மேட்டில் இருக்கிறது. இதை எடுக்காதீர்கள்.'

ஊர்வாய் அதைப் பார்த்தார். கைதேர்ந்த சமையல்காரர் கொதிக்கும் வெந்நீரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "இது போதாது அக்கா. இதுல சாமான் இல்ல."

மையத்துக்கு எதிராக மையத்தின் ஊழியர் எழுதலாமா என்ற கேள்வி அவருக்கு வரவே இல்லை. குரல் கேட்கிறது, எழுத வேண்டும், அவ்வளவுதான். அன்றைக்கே உட்கார்ந்து எழுதினார். மேட்டைப் பற்றி எழுதினார், மூட்டைப் பற்றி எழுதினார். மூன்றாம் பத்தியில் வந்தது சாமான்: குழந்தைகள் வார்டின் சின்னஞ்சிறு தொப்பிகளை ஒரு பச்சைக் கூடையில் வீட்டுக்குக் கொண்டுவந்து, பிரிந்த நூலைத் தைத்து, மறுநாள் விடியலில் அதே கூடையோடு நிறுத்தத்தில் நிற்கும் ஒரு பெண். 'கூடையில் கனமில்லை ஐயா. அந்தத் தலைகள்தான் கனம்.' இந்த வரி வந்ததும் அவரே எழுந்து ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தார்.

"என்கிட்ட ஏதுடா பச்சைக் கூடை?" என்றாள் அக்கா. "தொப்பி எல்லாம் மிஷின்ல தைக்கறாங்க. நான் தொடவே மாட்டேனே."

"யார் அக்கா வந்து பார்க்கப்போறா? படிக்கறவன் மனசு இளகணும். அதுக்கு மேல அந்தக் கூடைக்கு வேலை இல்ல."

அக்கா கையெழுத்துப் போட்டாள். ஏழாம் வகுப்பு அப்பாவைப் போல இரண்டாவது தரம் படித்திருந்தால் போட்டிருக்க மாட்டாள். ஆனால் தம்பி படித்தவன், நகரத்துக்கே எழுதுபவன். நம்பிவிட்டாள்.

பத்து நாள் கழித்து, ஆட்சேபணைகளின் நகல்கள் பதில் கேட்டு மையத்துக்கு வந்தன. மொத்தம் நாற்பது. கூட்ட அறையில் இயக்குநர் மேடம் ஒரு கடிதத்தை மட்டும் தனியே எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இதைப் படிங்க. நம்ம அறுபத்தொண்ணையும் இது ஒண்ணு சாப்பிட்டுடும்."

சதவீதம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எதிர்ப்பக்கத்துலயும் ஒரு ஊர்வாய் இருக்கான் மேடம்."

"இவரைவிடக் கெட்டிக்காரன்" என்றார் மேடம். "என்ன சொல்றீங்க ஊர்வாய்?"

ஊர்வாய் இரண்டு உணர்ச்சிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டார். ஒன்று பயம். மற்றது, தன்னைவிடக் கெட்டிக்காரன் என்று தன்னையே சொன்னதில் வந்த வருத்தம். "நல்லா இருக்கு மேடம். மூணாவது பத்தி கொஞ்சம் அதிகம்" என்றார்.

"அங்கதான் அடிக்கணும்!" சதவீதம் துள்ளி எழுந்தார். "ஆஸ்பத்திரித் துணியை வீட்டுக்குக் கொண்டுபோறாங்க, பஸ்ல கொண்டுவர்றாங்க. தொற்றுக் கிருமி பரவறதுல பதினெட்டு சதவீதம் துணியாலதான். விதிப்படி ஒரு தொப்பிகூட வெளியே போகக்கூடாது. இந்தம்மா எழுதியே கொடுத்திருக்காங்க!"

"வேண்டாம் மேடம், பாவம்" என்றார் ஊர்வாய்.

"பாவம்தான். அதனாலதான் நீங்க எழுதறீங்க. வலிக்காம எழுதுங்க. மத்தியானத்துக்குள்ள வேணும்."

அப்போது அவர் சொல்லியிருக்கலாம். இது என் அக்கா, இது நான் எழுதியது, கூடையே கிடையாது என்று மூன்று சின்ன வாக்கியம். கதவு சாத்தியிருந்தது. மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். சதவீதம் அடுத்த தாளைப் புரட்டினார். அந்த மூன்று வாக்கியமும் யாருடைய குரலில் வர வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கூட்டம் கலைந்துவிட்டது.

தன் இடத்துக்குப் போய், பேனரின் முதுகுக்கு எதிரே உட்கார்ந்து, பதிலை எழுதினார். வலிக்காமல் எழுதினார். 'அந்தச் சகோதரியின் பச்சைக் கூடைக்கு முன் நாங்கள் தலைவணங்குகிறோம். ஆனால் அந்தக் கூடை பயணம் செய்யும் பேருந்தில்தான் ஒரு கைக்குழந்தையும் பயணம் செய்கிறது.' மேடம் படித்துவிட்டு, "அவனை முடிச்சிட்டீங்க" என்றார். ஒரு மனிதன் ஒரே மாதத்தில் தன்னை வென்று, தன்னிடமே தோற்று, இரண்டுக்கும் பாராட்டு வாங்குவது நிர்வாக வரலாற்றில் அடிக்கடி நடப்பதல்ல.

அடுத்த வாரம் அக்கா ஒரு தாளைக் கொண்டுவந்து அவர்முன் வைத்தாள். ஆணையம் அந்தப் பதிலை மருத்துவமனைக்கு அனுப்பியிருந்தது. மருத்துவமனை அக்காவிடம் விளக்கம் கேட்டிருந்தது. மருத்துவமனைத் துணியை வெளியே எடுத்துச் சென்றதாக நீங்களே எழுத்தில் ஒப்புக்கொண்டிருப்பதால், பொது விசாரணை நாளன்று மாலைக்குள் தக்க விளக்கம் தராவிட்டால் பணியிலிருந்து நீக்கப்படுவீர்கள்.

"நிறுத்தத்துக்குப் போராடினேன். இப்ப இறங்கற இடமே போகப்போகுது" என்றாள்.

"நான் எழுதினதுன்னு சொல்லிடு அக்கா."

"சொன்னா உன் வேலை? உங்க ஆபீஸ்தானே ஸ்டாப்பை எடுக்கச் சொல்லுது?"

ஊர்வாய் நிமிர்ந்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"முத்தங்கள் கூடட்டும்! இந்த ஊர்ல வேற எவனுக்குடா அப்படி எழுத வரும்? ஃப்ரிட்ஜ்ல நீ ஒட்டற சீட்டுலகூட எதுகை மோனை இருக்கும். அன்னைக்கே தெரியும். நீயா சொல்லுவேன்னு பார்த்தேன்." விளக்கம் கேட்ட தாளை அவர் பக்கம் தள்ளினாள். "சரி விடு. விளக்கத்தையாவது எழுதிக் கொடு. கூடை இல்லாம."

எழுதினார். முதலில் பணிவான ஊழியராக. அக்கா படித்துவிட்டு, "இது யாரு, காலில் விழறது?" என்றாள். அடுத்தது உரிமை கேட்கும் தொழிலாளியாக. "இவ நாளைக்கு ஸ்டிரைக் பண்ணுவா போலிருக்கே." மூன்றாவது, விதவையாக. அதைப் பாதியில் கீழே வைத்துவிட்டாள். "செத்தவரை எதுக்குடா நடுவுல இழுக்கற?" நான்காவதை எழுத உட்கார்ந்தார். அக்காவின் குரல் அவருக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். பக்கத்து அறையில் அவள் தொலைபேசியில் பேசும் குரல் அப்போதும் கேட்டுக்கொண்டிருந்தது. ஆனால் காகிதத்தில் வந்து இறங்கியதெல்லாம் வேறு பெண்கள். கையில் கூடையோ குடையோ இல்லாமல் அவர்களுக்கு நிற்கத் தெரியவில்லை.

"விடுடா. நானே வாயால சொல்லிக்கறேன்" என்றாள் அக்கா.

பொது விசாரணை நகராட்சி அரங்கத்தில் நடந்தது. மேடையில் விசாரணை அதிகாரி, அவர்முன் ஒரு மணி. ஒருவருக்கு மூன்று நிமிடம், மீறினால் மணி அடிக்கும். எழுத்து மூலக் கருத்துகள் அன்று பன்னிரண்டு மணியோடு முடிவடையும் என்று பலகையில் எழுதியிருந்தது. முதல் வரிசையில் மேடம், சதவீதம், நடுவே ஊர்வாய், மடியில் குறிப்பேடு. மூன்றாம் வரிசையில் மருத்துவமனைச் சலவைப் பிரிவின் மேற்பார்வையாளர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா தம்பி இருக்கும் பக்கமே திரும்பவில்லை.

பதினொன்றரைக்கு அவள் பெயர் கூப்பிட்டார்கள். பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக மேடை ஏறினாள்.

அதிகாரி தாளைப் புரட்டினார். நல்ல மனிதர். குரலில் கொஞ்சம் நெகிழ்ச்சிகூட இருந்தது. "இந்தப் பச்சைக் கூடை இப்பவும் உங்ககிட்ட இருக்காம்மா?"

"கூடை இல்லைங்க. அப்படி ஒரு கூடை எப்பவும் இருந்ததில்ல. நான் எந்தத் துணியையும் வெளியே கொண்டுவந்ததும் இல்ல."

அரங்கில் ஒரு சலசலப்பு ஓடியது. அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்தார். "அப்ப கடிதத்துல எழுதியிருக்கீங்களே?"

"கையெழுத்து என்னுடையதுதான்."

"நீங்க எழுதினதா?"

அக்கா கால் மாற்றி நின்றாள். "ஸ்டாப் வேணும் சார். அது உண்மை" என்றாள்.

"அம்மா, பொய்யான தகவல் இருந்தா முழு ஆட்சேபணையையும் நான் ஒதுக்கி வைக்கணும். நூலக நிறுத்தத்துக்கு உங்களுது ஒண்ணுதான் வந்திருக்கு. அதே பகுதியில குடியிருக்கறவங்க வேற யாராவது எழுதிக் கொடுத்தா பார்க்கலாம். இல்லைன்னா என் கையில ஒண்ணும் இல்ல."

மூன்றாம் வரிசைக்காரர் எதையோ குறித்துக்கொண்டார்.

"முடிஞ்சது" என்று மேடம் கிசுகிசுத்தார். "பதினோராம் நம்பர் நமக்கு. அந்தம்மா வாயாலயே கெடுத்துக்கிட்டாங்க. இதை வச்சு நாலு வரி பத்திரிகைக்கு ரெடி பண்ணுங்க ஊர்வாய். கௌரவமா."

ஊர்வாய் குறிப்பேட்டை மூடினார். "தண்ணி குடிச்சிட்டு வர்றேன் மேடம்" என்று எழுந்து, தண்ணீர் இருந்த பக்கம் போகாமல், அரங்கத்தின் பின்புறம் போனார்.

பின்புறம் ஒரு மேஜை. ஓர் எழுத்தர் அம்மாள் படிவங்களை அடுக்கி வைத்திருந்தாள். மேலே பெயர், முகவரி, சம்பந்தப்பட்ட நிறுத்தம். கீழே பெரிய வெற்றுக் கட்டம். அதன் தலையில், 'உங்கள் கருத்து, உங்கள் சொந்த வார்த்தைகளில்.'

பெயர் எழுதினார். நெடுநாள் எழுதாததால் ஒருமுறை தடுமாறியது. முகவரி எழுதினார், அக்கா எழுதிய அதே முகவரி. பிறகு கட்டத்துக்கு வந்தார்.

'மதிப்பிற்குரிய ஐயா, விடியற்காலையில்' என்று ஆரம்பித்தார். விடியற்காலையில் அவர் தூங்கிக்கொண்டிருப்பவர். அடித்தார். 'ஒரு தம்பியின் இதயத்திலிருந்து' என்று எழுதினார். அந்தத் தம்பி தன் சட்டைப்பையில் மஞ்சள் மாத்திரை டப்பாவோடு வந்து நிற்பது தெரிந்தது. அதையும் அடித்தார். மக்களின் குரல், மேடத்தின் குரல், இருபத்துமூன்று அப்பாக்களின் குரல் எல்லாம் வரிசையில் வந்து நின்று, எழுதட்டுமா என்று கேட்டன. ஒவ்வொன்றாக அனுப்பி வைத்தார். எல்லாம் போன பிறகு கட்டம் காலியாகவே இருந்தது. மணி பதினொன்று ஐம்பது.

"இன்னொரு ஃபாரம் கிடைக்குமாம்மா?"

"ஒருத்தருக்கு ஒண்ணுதான் சார்."

சதவீதம் தேடிக்கொண்டு வந்தார். "இங்க என்னய்யா பண்றே? மேடம் அந்த நாலு வரியைக் கேட்கறாங்க." படிவத்தை எட்டிப் பார்த்தார். நிறுத்தத்தின் பெயரைப் படித்தார். முகவரியைப் படித்தார். மேடையடியில் முழங்காலை நீவியபடி உட்கார்ந்திருந்த அக்காவைத் திரும்பிப் பார்த்தார். அவர் வாயில் முதல்முறையாக ஓர் எண்ணும் வரவில்லை. "அய்யய்யோ" என்று மட்டும் சொல்லிவிட்டு, சத்தமில்லாமல் முன்வரிசைக்குத் திரும்பிப் போனார்.

ஊர்வாய் எழுதினார். அடித்த இரண்டு வரிகளின் இடுக்கில், ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே வழிந்து, இப்படி:

'கூடை நான் போட்டது. அவரிடம் இல்லை. துணி கொண்டுவரவில்லை. கடிதம் நான் எழுதியது அவர் என் அக்கா. கூடையைக் குறை சொன்ன மையத்தின் பதிலும் நான்தான். அங்கேதான் வேலை செய்கிறேன். மேடு ஏற முடியாது அதாவது அக்காவால். நான் பார்த்திருக்கிறேன் பார்த்தும் சொல்லவில்லை. நிறுத்தம் வேண்டும். அக்கா மேல் தப்பு இல்லை.'

நீட்டினார். எழுத்தர் அம்மாள் படித்தாள். தாளைச் சாய்த்துப் பிடித்து ஓரத்தில் இருந்ததையும் படித்தாள். அவள் முகத்தில் இரக்கம் வந்தது.

"கோவிச்சுக்காதீங்க சார். எது முன்னாடி எது பின்னாடின்னே தெரியல. எழுதிப் பழக்கமில்லாதவங்களுக்காக வாசல்ல ஒருத்தரை உட்கார வச்சிருக்கோம். விஷயத்தைச் சொன்னா போதும், உங்க குரல்லயே அழகா எழுதிக் கொடுத்துடுவார். இன்னும் நாலு நிமிஷம் இருக்கு."

ஊர்வாய் வாசல் பக்கம் பார்த்தார். மேஜை போட்டு ஒருவர் பேனாவோடு தயாராக உட்கார்ந்திருந்தார்.

"வேண்டாம்மா" என்றார். "எனக்கு இவ்வளவுதான் வருது. இப்படியே வாங்கிக்குங்க."